கோட்டை மேட்டைத் தோண்டப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையோர ஊர் ஒன்றில் வசிக்கிறேன். பக்கத்தில், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் காலத்துக் கோட்டை மேட்டில் இந்தக் கோடையில் அகழாய்வு நடக்கிறது, தன்னார்வலர்கள் வரலாம் என்கிறார்கள். நான் கணக்காளன், தொல்லியல் தெரியாது. சேர்த்துக்கொள்வார்களா? உலோகம் கண்டறியும் கருவி ஒன்று இருக்கிறது, கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். படிப்பைக் கேட்க மாட்டார்கள். பயிற்சிப் பள்ளியாக நடத்தினால் கட்டணம் இருக்கலாம், அதை மட்டும் முதலில் விசாரியுங்கள். கருவி வீட்டிலேயே இருக்கட்டும். இத்தகைய மேடுகள் பலவும் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அங்கே அனுமதியில்லாமல் அந்தக் கருவியை இயக்குவதே குற்றம்.

புதையல் ஆசை இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வேல்ஸில் மான்ட்கோமரி ஊர் அருகே ஹென் டோமென் என்று ஒரு மேடு. வேல்ஸ் மொழியில் 'பழைய மேடு' என்று பொருள். 1960 முதல் 1992 வரை கோடைதோறும் மாணவர்களும் தன்னார்வலர்களும் அங்கே மண்ணைச் சுரண்டினார்கள். அத்தனை உழைப்புக்கும் கிடைத்த பொருட்கள் சொற்பம். ஆனால் கல்லே இல்லாத அந்த மரக்கோட்டையில் கட்டடங்கள் எங்கே நின்றன, எத்தனை முறை இடித்துக் கட்டப்பட்டன என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. எப்படி? கம்பம் மக்கிப்போனாலும் அது நின்ற குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். உங்கள் வேலை அந்த நிறத்தைப் பார்ப்பதுதான்.

மேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணைக் குவித்துத்தான் மேடு எழுப்பினார்கள். அகழியின் மேல்மண் முதலில் விழுந்து அடியில் போயிருக்கும், ஆழத்து மண் உச்சியில் இருக்கும். அதனால் அடியில் கிடைக்கும் பானை ஓடு, மேடு எழுவதற்கு முன்பே அந்த மண்ணில் கிடந்ததாக இருக்கலாம், அதை வைத்து மேட்டின் வயதைச் சொல்லிவிட முடியாது. அப்புறம், எல்லா மேடும் நார்மன்கள் எழுப்பியதும் அல்ல. தென் இங்கிலாந்தில் உள்ள மார்ல்பரோ மேடு கி.மு. 2400 வாக்கில் எழுந்தது, பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கோட்டை கட்டிக்கொண்டார்கள்.

கொத்தனார் கரணை மாதிரி 4 அங்குல நீளத்தில் ஒன்று, முழங்காலுக்கு மெத்தை, கனமான காலணி, மழைச்சட்டை, தொப்பி போதும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரணையால் உங்களை நோக்கி இழுத்துச் சுரண்டுங்கள், பின்னோக்கி நகருங்கள், சுத்தம் செய்த இடத்தை மிதிக்காதீர்கள். குழியின் விளிம்பில் உட்காரவே கூடாது. ஏதாவது தட்டுப்பட்டால் பிடுங்கிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அப்படியே விட்டுவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். இருந்த இடமும் அடுக்கும் பதிவாகாத பொருளுக்குப் பாதி மதிப்புகூடக் கிடையாது.

மழை வந்தால் பானை ஓடு கழுவ அனுப்புவார்கள். முகம் சுளிக்காதீர்கள், ஓடுகளை அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. வெறும் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். இரும்புத் துண்டை மட்டும் அந்தத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.