ஆழ்கடல் துறைமுகமும் தாய்க்கப்பலும்: கேள்வி பதில்

கரூர்: தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னரை ஏன் கொழும்பில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றுகிறார்கள்? நேரே ஐரோப்பா போகாதா?

20 அடிக் கணக்கில் 24,000 பெட்டி தாங்கும் தாய்க்கப்பல் (நெடும்பயணம் போகும் பெரிய கப்பல்) ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். முழுச் சுமையில் 16 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும். தூத்துக்குடியின் மிதவை ஆழம், அதாவது அங்கே வரும் கப்பல் அமிழக்கூடிய அளவு, 14 மீட்டரை ஒட்டியது. கொழும்பு தெற்குத் துறைமுகத்தில் தண்ணீரின் ஆழம் 18 மீட்டர். ஆசியா – ஐரோப்பா கப்பல் பாதையும் இலங்கையின் தென்முனையை ஒட்டியே போகிறது. சில நூறு பெட்டிக்காக அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பல் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

சென்னை, மாணவி: 16 மீட்டர் அமிழும் கப்பலுக்கு 16.5 மீட்டர் ஆழம் போதாதா?

போதாதும்மா. ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் ஓடும்போது அடியில் நீரோட்டம் வேகமெடுத்து அழுத்தம் குறையும். கப்பல் இன்னும் கீழே இறங்கும். வேகம் இரட்டித்தால் இந்த இறக்கம் சுமார் நான்கு மடங்காகும். இன்னொன்று: 60 மீட்டர் அகலக் கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு பக்க விளிம்பு அரை மீட்டர் தாழ்ந்துவிடும். நீங்கள் சொன்ன இடைவெளி அதோடு தீர்ந்தது. துறைமுகத்தின் அலையில்லாத உட்பகுதியிலேயே மிதவை ஆழத்தில் 10 சதவீதம் கூடுதலாக வைப்பார்கள். துறைமுகத்துக்கு வரும் திறந்த வாய்க்காலில் இன்னும் அதிகம்.

நாகர்கோவில்: கேரளத்தில் விழிஞ்சம் துறைமுகம் வந்துவிட்டதே, இனி கொழும்பு எதற்கு?

2025 மே 2-இல் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்சத்தில் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். பன்னாட்டுப் பாதை சுமார் 10 கடல் மைலில். நல்ல இடம்தான். ஆனால் வாரத்துக்கு எத்தனை ஃபீடர், எத்தனை தாய்க்கப்பல் என்பதுதான் உங்கள் சரக்கின் நாளைத் தீர்மானிக்கும். இரண்டு வழிக்கும் கால அட்டவணை வாங்கி ஒப்பிடுங்கள்.

திருப்பூர்: கொழும்பில் பெட்டி ஒரு வாரம் கிடந்துவிட்டது. எல்.சி-க்கு (பணம் தர வங்கி தரும் உறுதிக் கடிதம்) சிக்கல் வருமா?

எல்.சி-யில் ஏற்றும் துறைமுகம் தூத்துக்குடி என்றிருந்தால், அங்கே கப்பலேறிய தேதிதான் கணக்கு. கொழும்புத் தாமதம் அதைத் தொடாது. எல்.சி மாற்றிறக்கத்தை (வழியில் வேறு கப்பலுக்கு மாற்றுவதை) தடை செய்திருந்தாலும்கூட, சரக்கு கண்டெய்னரில் இருந்து முழுப் பயணமும் ஒரே பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) அடங்கினால், எல்.சி-க்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யூ.சி.பி 600 அதை ஏற்கிறது. வாங்குபவரின் கெடு வேறு விஷயம், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

பெட்டி தங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: ஃபீடர் பிந்தியது, அல்லது தாய்க்கப்பலில் இடமில்லாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளியது. புக்கிங் போடும்போதே இரண்டாவது கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். ஃபீடர் சேர்வதற்கும் தாய்க்கப்பல் கிளம்புவதற்கும் நடுவே மூன்று நாளாவது இருக்கட்டும். ஒரே நாள் இடைவெளி காட்டும் மலிவான கட்டணத்தை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

விருதுநகர்: எடைச் சான்று இல்லாமல் ஏற்ற மாட்டார்களா?

மாட்டார்கள். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை கட்டாயம். நிரப்பிய பெட்டியை எடைமேடையில் நிறுத்தலாம். அல்லது சரக்கு, பேலட், முட்டுக்கட்டை எல்லாவற்றையும் தனித்தனியே எடை போட்டு, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையோடு கூட்டலாம். பேலட்டை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. எடையைக் குறைத்துக் காட்டினால் கனத்த பெட்டி அடுக்கின் மேலே போய்விடும். கடல் கொந்தளிக்கும்போது கட்டுக்கம்பி அறுந்து அடுக்கே சரியும்.