மேப்பிளின் இலை கருகினால் அடிமரத்தைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் மார்க்கம் நகரில், வீட்டு முன்றிலில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் செவ்விலை கொண்ட ‘பிளட்குட்’ வகை ஜப்பானிய மேப்பிள் மரம் ஒன்றை நட்டேன். ஜூலை பிறந்ததும் இலை ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டுவிட்டன. ஒரு கிளை முழுதும் வாடிவிட்டது. வேரடியில் உரக் குச்சிகளை இறக்கச் சொல்கிறார் கடைக்காரர். எத்தனை இடலாம், ஐயா?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். வெயிலும் சூடான காற்றும் இழுக்கும் நீரை வேர் ஈடுகட்ட முடியாதபோது இலையின் ஓரம்தான் முதலில் காயும். குச்சியில் செறிந்துள்ள உப்பு அந்த வேரை மேலும் வாட்டும்; இந்தப் பருவத்தில் ஏறும் தழைச்சத்தோ, முற்றாத தளிர்களைக் கிளப்பிப் பனிக்குக் காவு கொடுக்கும். விற்கிறவருக்கு மட்டுமே அதில் ஆதாயம்.

வாடிய கிளையைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். பட்டைக்குள் ஒலிவ் பச்சையாகவோ கருமையாகவோ கோடுகள் ஓடினால் வெர்ட்டிசிலியம் வாடல் என்று சந்தேகிக்க வேண்டும். மண்வழி வரும் அந்தப் பூஞ்சையைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கிளையை நீக்கி, கத்தரிக்கோலை மதுசாரத்தால் துடைத்து, நீரைச் சீராகக் கொடுத்து வந்தால் மரம் தேறவும் கூடும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது நடவு ஆழத்தைப் பற்றி. அடிமரம் மண்ணைத் தொடுமிடத்தில் வேர்களாக விரிகிறதா, அல்லது மின்கம்பம் போல நேராக இறங்குகிறதா? நேராக இறங்கினால் மரம் புதைந்திருக்கிறது என்று பொருள். தொட்டியிலேயே, அடிமரம் வேராக விரியும் கழுத்துக்கு மேல் மண் நிரப்பி விற்கும் நாற்றுப் பண்ணைக்காரர்களும், மரச்சிராய்களை அடிமரத்தில் கூம்பாகக் குவித்துவிட்டுக் கூலி வாங்கும் தோட்ட ஒப்பந்தக்காரர்களும் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் பூஞ்சை சாதுவானது என்பேன். காற்றுக் கிடைக்காத வேர்கள் மேலேறி, அடிமரத்தைச் சுற்றி வளைந்து, தடிக்கத் தடிக்க அதையே நெரிக்கின்றன. பட்டையும் ஓயாத ஈரத்தில் அழுகுகிறது.

மேப்பிளின் வேர் மேலோட்டமானதால் மண்வெட்டியைத் தொடாமல் கையாலேயே மண்ணை விலக்கி, முதல் தடித்த வேர் தெரியும்வரை இறங்குங்கள். சுற்றிக்கொண்ட மெல்லிய வேர்களை நறுக்கிவிடலாம். நான்கு விரற்கடைக்கு மேல் புதைந்திருந்தால், வசந்தத்தில் மொட்டு விரியுமுன் மரத்தை வேர்மண்ணோடு தூக்கி உயர்த்தி நட வேண்டும். மரச்சிராய் மூடாக்கு மூன்று அங்குலம் போதும். அதுவும் அடிமரத்திலிருந்து அரைச் சாண் தள்ளியே இருக்கட்டும்.

நீர் விடுமுன் விரலை மண்ணில் இறக்கிப் பாருங்கள். களிமண்ணில் நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் கருகும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து பச்சை இலையோடு தளிர் கிளம்பியிருந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள். அது பிளட்குட்டை ஒட்டுவதற்கு அடியாக வைத்த வேர்ச்செடியின் கிளை, விட்டால் பிளட்குட்டை மிஞ்சி வளர்ந்துவிடும்.