சார்ஜென்ட் மலை: எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது?

கேள்வி: அக்டோபர் லாங் வீக்எண்டுக்கு பாஸ்டனிலிருந்து மெயின் மாநிலத்து அகாடியா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். காடிலாக் மலை உச்சிக்குக் காரில் போக ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. 9, 12 வயதுப் பிள்ளைகளோடு ஒரே நாளில் ஏறி இறங்க வேறு மலை உண்டா? நடுவில் குளம் இருந்தால் பிள்ளைகள் சலிக்காமல் வருவார்கள்.

பதில்: காடிலாக் போனால் போகட்டும், சார்ஜென்ட் மலைக்குப் போங்கள். உயரம் 1,373 அடி. பூங்காவில் காடிலாக்குக்கு (1,530 அடி) அடுத்த உயரம் இதுதான். உச்சிக்குக் கார் சாலை இல்லாததால் கூட்டமும் குறைவு. வழியில் பெனாப்ஸ்காட் (1,194 அடி) உச்சியும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் இருக்கிறது நீங்கள் கேட்ட குளம். மெயின் மாநிலத்தில் பனிப்பாறைகள் உருகி விலகியபோது முதலில் உருவான ஏரி இதுவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஜோர்டன் பாண்ட் ஏரியை ஒட்டிய ஜோர்டன் பாண்ட் ஹவுஸ் உணவகத்தின் பின்னாலிருந்து ஸ்பிரிங் டிரெயிலில் ஏறுங்கள். கேரேஜ் ரோட்டை (குதிரை வண்டிகளுக்காகப் போட்ட சரளைச் சாலை) தாண்டியதும் பாதை செங்குத்தாகிவிடும். பாறைப் படிகளில் சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். ஏற இது நல்ல பாதை, இறங்க மோசமானது. கால் வைக்கும் இடம் மேலிருந்து தெரியாது, ஈரமானால் கிரானைட் வழுக்கும். எனவே ஏற்றம் மட்டும் இதில். வலப்பக்கம் பிரியும் ஜோர்டன் கிளிஃப்ஸ் பாதையில் பிள்ளைகளோடு போகவே வேண்டாம், அது பாறை விளிம்பை ஒட்டியே போகிறது.

மேட்டுக்கு வந்துவிட்டால் மரமில்லாத வெற்றுப் பாறை. பாறையில் தீட்டிய நீலக் கோடுகளும் கல் அடையாளங்களும்தான் வழிகாட்டி. அந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: இரண்டு கால் கற்கள், மேலே ஒரு பலகைக் கல், அதன் மேல் திசை காட்டும் சின்னக் கல். நூறாண்டுக்கு முன் இங்கே நடைபாதைகள் அமைத்த வால்ட்ரன் பேட்ஸ் வகுத்த முறை. ஆசைக்கு ஒரு கல் கூட வைக்கவோ எடுக்கவோ விடாதீர்கள். கடல் மூடுபனி ஏறினால் பத்தடி தாண்டி எதுவும் தெரியாது, அப்போது அடுத்து வருபவருக்கு இவைதான் துணை.

பெனாப்ஸ்காட்டிலிருந்து வடக்கே இறங்கினால் சற்று நேரத்தில் குளம். கட்டுச்சோற்றை அவிழ்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உச்சியில் காற்று உட்கார விடாது. கோடையில் இதில் குளிப்பவர்கள் உண்டு, அக்டோபரில் கால் நனைத்தால் போதும். தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மேலே கழிப்பறையும் இல்லை.

குளத்திலிருந்து சார்ஜென்ட் உச்சிக்குப் போய் வர ஒன்றே கால் மணி நேரம் வையுங்கள். குளத்தருகே மதியம் 1 மணி தாண்டிவிட்டாலோ சின்னவன் சோர்ந்துவிட்டாலோ உச்சியை விட்டுவிடலாம், பெனாப்ஸ்காட் காட்சியே போதும்.

இறக்கம் குளத்தருகே பிரியும் டீர் புரூக் டிரெயிலில். சரிவுதான், ஆனால் குறுகிய தூரம். அக்டோபரில் உதிர்ந்த இலைகள் ஈர வேர்களை மறைத்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். கேரேஜ் ரோட்டை எட்டியதும் ஏரிக்கரைப் பாதைக்கு இறங்காமல் அந்தச் சரளைச் சாலையிலேயே தெற்கே நடந்தால் உணவகத்துக்கு வந்துவிடலாம். ஏரிக்கரையில் பாறைகளைத் தாவ வேண்டியிருக்கும், களைத்த முட்டிக்கு ஆகாது. மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர், பிள்ளைகளோடு ஆறு மணி நேரம்.

ஜோர்டன் பாண்ட் பார்க்கிங்கில் காலை 8 மணிக்குள் இடம் பிடியுங்கள். பூங்காவைச் சுற்றி ஓடும் இலவசமான ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் பஸ்ஸும் அந்த வாரயிறுதியோடு பெரும்பாலும் நின்றுவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஆளுக்கொரு விண்ட்சீட்டர் அவசியம். மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைவதால் ஹெட்லாம்ப் ஒன்று பையில் இருக்கட்டும். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் பரப்பும் மான் உண்ணிகள் இலையுதிர் காலத்திலும் கடிக்கும்.