பெரிய எண்களுக்கு மீப்பெரு பொதுக் காரணியைச் சுலபமாகக் கண்டுபிடிப்பது எப்படி?

1073, 851 மாதிரி எண்களைக் கொடுத்தால் பகாக் காரணி பிரித்தே கை ஓய்ந்துவிடுகிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் வரும் பிள்ளைகளும் அப்படித்தான். மீப்பெரு பொதுக் காரணி, அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு மீ.பெ.கா, மலையாள மீடியத்துக்கு உசாக. மீச்சிறு பொது மடங்கு அவர்களுக்கு லசாகு. உசாக, லசாகு என்று காதில் ஒன்றுபோல விழுவதால் ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை: 'மீப்பெரு' என்றதும் பெரிய விடையைத் தேடுவார்கள். கொடுத்த எண்களில் சின்னதைத் தாண்டி அது வரவே வராது.

ஒருநாள் போர்டை விட்டுவிட்டு, தேங்காய்க் களத்தில் கிடந்த கயிற்றில் 91 சென்டிமீட்டருக்கு ஒன்று, 65-க்கு ஒன்று வெட்டிக் கொடுத்தேன். மிச்சம் விழாமல் இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக்க வேண்டும். துண்டு எவ்வளவு நீளம் வரை இருக்கலாம்?

"91 பகா எண்ணாச்சே சார்" என்றாள் ஆறாம் வகுப்புப் பெண். (இல்லை. 7 × 13. எல்லோரும் ஏமாறும் எண் இது.)

சின்னக் கயிற்றைப் பெரியதோடு சேர்த்துப் பிடித்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டச் சொன்னேன். 26 வந்தது. அந்த 26-ஐ 65-ல் இரண்டு முறை வைத்தாள், 13 மிஞ்சியது. 13-ஐ 26-ல் வைத்தாள், மிச்சமே இல்லை. துண்டு 13 சென்டிமீட்டர். இரண்டு கயிற்றிலும் சரியாக அடங்கும் அளவு, வெட்டி எடுத்த மிச்சத்திலும் அடங்கித்தானே ஆக வேண்டும்? சூட்சுமம் அவ்வளவுதான்.

இந்த வழியைக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிவைத்தார். கி.பி. 499-இல் ஆரியபட்டர் சொன்ன குட்டக முறையும் (சமன்பாடுகளுக்கு முழு எண் விடை காணும் வழி) இதே தொடர் வகுத்தலில்தான் நிற்கிறது.

சரி, உங்கள் எண்கள். கயிற்றை வெட்டியதற்குப் பதில் இங்கே வகுத்தல், அவ்வளவுதான். 1073-ஐ 851-ஆல் வகுத்தால் மீதி 222. 851-ஐ 222-ஆல் வகுத்தால் மீதி 185. 222-ஐ 185-ஆல் வகுத்தால் 37. 185-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். விடை 37. நாலே வகுத்தல். காரணி பிரித்திருந்தால் 851-க்கு 23 வரையிலும் 1073-க்கு 29 வரையிலும் ஒவ்வொரு பகா எண்ணாகத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எண் பெருத்தாலும் பயமில்லை. சின்ன எண்ணில் எத்தனை இலக்கமோ, அதன் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது என்று 1844-இல் லாமே என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்துவிட்டார்.

12, 18 போன்ற குட்டி எண்களுக்கு இதெல்லாம் வேண்டாம், மனசிலேயே 6 என்று சொல்லிவிடலாம். மூன்று எண் கொடுத்தால் முதலில் இரண்டுக்குக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த விடைக்கும் மூன்றாவதுக்கும்.