புல்வெளியில் மரம் நட்டால் பவானியில் தண்ணீர் கூடுமா?

கேள்வி: கோபி பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் செய்கிறோம். ஊர் இளைஞர்கள் சேர்ந்து, நீலகிரி உச்சியில் சும்மா கிடக்கும் புல்வெளிகளில் ஆயிரம் மரக்கன்று நடலாம் என்றிருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் கூடும், நாட்டின் வனப்பரப்பும் உயருமே. எந்த மரம் நல்லது?

பதில்: எந்த மரமும் வேண்டாம். அந்தப் புல்லை அப்படியே விட்டுவிடுங்கள்.

நீலகிரி உச்சிகளில் சரிவெல்லாம் புல்லும் மலை மடிப்புகளில் சோலைக்காடுமாக இருப்பதுதான் இயற்கை அமைப்பு. திறந்த சரிவில் இரவு உறைபனி விழுவதால் சோலை மரக்கன்றுகள் அங்கே பிழைப்பதே கஷ்டம். புல் தனக்கென எடுத்துக்கொள்ளும் தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சம் மண்ணுக்குள் இறங்கி, சதுப்புகளில் தங்கி, மழை நின்ற பிறகும் ஓடைகளில் கசிந்து வருகிறது.

இதை ஊட்டியிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையம் நீலகிரியின் கிளன்மார்கனில் அளந்தே பார்த்தது. அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டைகள் துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கோடைக்கால ஓட்டம் இன்னும் பலமாக அடிவாங்கியது. உங்களுக்குத் தண்ணீர் தேவைப்படுவதே அப்போதுதானே!

நாட்டுப் பொருளாதாரத்தில் காட்டின் பங்கு என்றதும் மரம், விறகு, தேன் என்று கணக்குப் போடுகிறோம். நீலகிரியில் பெரிய வருமானம் தண்ணீர்தான். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரே மாயாற்றில் இறங்கி, பவானிசாகர் அணைக்கு வந்து, உங்கள் வாய்க்காலுக்கும் வருகிறது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் மலையில் கற்பூரமும் சீகை மரமும் (வாட்டில்) நட்ட காலத்தில், விற்ற மரத்தின் பணம் கணக்கில் ஏறியது. குறைந்த தண்ணீர் யார் கணக்கிலும் ஏறவில்லை.

வனப்பரப்புக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால், இந்திய வன அளவீட்டு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்த்துவிடும். கற்பூரத் தோப்பு அதில் வரும், புல்வெளி வராது. ஆக, நீங்கள் சொன்னதுபோல் பரப்பு உயரலாம். ஆற்றில் தண்ணீர் குறையும். 1988 தேசிய வனக் கொள்கையே சூழல் சமநிலைதான் முதல் நோக்கம், நேரடி வருமானம் அதற்குப் பிறகுதான் என்கிறது.

சரி, இளைஞர்களின் உழைப்பை என்ன செய்வது? காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கன்று நடுவதே சட்டச் சிக்கல். வனத்துறையிடம் பேசி, புல்வெளியில் பரவிய சீகை மரம் அகற்றும் பணியில் சேர முடியுமா என்று கேளுங்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டியதும் வேலை முடிவதில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைப்பதைப் பிடுங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மரம் நடும் ஆசை இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே நடுங்கள். ஆற்றோரம் நிலம் இருந்தால் நீர்மருது, புங்கன். வருமானம் வேண்டுமென்றால் சவுக்கு அல்லது மலைவேம்பு. காகித ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் வாங்குகின்றன. வாங்குபவரிடம் விலையைப் பேசி எழுதிக்கொண்ட பிறகு கன்று வாங்கப் போங்கள்.