காசிமிர் விசையை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, கண்ணுக்கே தெரியாத ஒரு விசையை அளந்துவிட்டு உங்கள் மகள் எந்த வேலைக்குப் போவாள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். "காசிமிர் விசை தெரிந்தவர் தேவை" என்று எந்த நிறுவனமும் விளம்பரம் போடப்போவதில்லை. ஆனால் அதை அளக்கப் பழகிய கைக்கு வேலை இருக்கிறது.

மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர் கணக்குப் போட்டுச் சொன்னார். இந்த இழுப்புதான் காசிமிர் விசை. இடைவெளியைப் பாதியாக்கினால் இழுப்பு 16 மடங்காகும். 1958-இல் ஸ்பார்னே என்ற இயற்பியலாளர் அளந்தபோது பிழையே விசையின் அளவுக்கு இருந்தது, நம்பும்படியான அளவீடு 1997-இல் லாமரோ என்ற இயற்பியலாளரிடமிருந்துதான் வந்தது. நடுவில் ஏன் இத்தனை வருடம்? தகடுகளைத் துல்லியமாக இணையாக நிறுத்துவது பெரும்பாடு, அதனால்தான் பெரும்பாலும் ஒரு தகட்டுக்குப் பதில் கோளப் பரப்பை வைக்கிறார்கள். மிக நுண்ணிய விசையையும் உணரும் அணுவிசை நுண்ணோக்கியால் அளப்பதென்றால், மெல்லிய நெம்புகோலின் நுனியில் உலோகம் பூசிய குட்டி உருண்டையை ஒட்டி, அது எவ்வளவு வளைகிறது என்பதை லேசர் ஒளி நகர்வதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஒரு தூசி போதும், அளவீடு கெட்டுவிடும். கட்டடத்தின் அதிர்வு, வெப்பநிலை மாற்றம், எர்த் செய்த பிறகும் பரப்பில் திட்டுத்திட்டாக நிற்கும் மின்னழுத்த வேறுபாடு என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் கழித்த பிறகுதான் உண்மையான விசை தெரியும்.

இந்தப் பொறுமைதான் அவளுடைய சொத்து. வெற்றிடக் கருவிகள், நுண்ணிய மின்னணுவியல், பிழைக் கணக்கு எல்லாம் சிப் தயாரிப்பிலும் துல்லியமாக அளப்பதையே வேலையாகக் கொண்ட அளவியல் ஆய்வகங்களிலும் அன்றாடம் தேவைப்படுபவை. போனுக்குள் இருந்து அசைவை உணரும் முடுக்கமானி போன்ற நுண் இயந்திரங்களில், பாகங்கள் ஒட்டிக்கொண்டு அசையாமல் போவது பொறியாளர்களுக்குத் தீராத தலைவலி, அங்கே இந்த மாதிரிப் பரப்பு விசைகளைப் புரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

பேராசிரியர் வேலைதான் வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில வருடம் தற்காலிகப் பதவிகளில் ஓட்ட வேண்டியிருக்கும், அப்போதும் இடம் உறுதியில்லை.

சேர்வதற்கு முன் ஆய்வகத்தில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். கருவியை அவளே கட்டுவாளா, இல்லை யாரோ கட்டியதில் தரவு மட்டும் எடுப்பாளா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் முதல் கேள்விதான் முக்கியம். பதில் தெரிந்ததும் எழுதுங்கள், அப்புறம் அந்த இடம் அவளுக்குச் சரியா என்று பேசலாம்.