ஒரே அரசன், இரு மறுமைகள் – ராஜகிருகம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் கயைக்கும் நாளந்தாவுக்கும் சென்ற ஒரு குழுவில் நானும் இருந்தேன். நடுவே பீகாரின் ராஜகிருகத்தில் ஒரு நாள் தங்கி, வெந்நீர் ஊற்றில் நீராடி, கிருத்ரகூட மலையிலும் ஏறினோம். புத்தரின் ஊர், மகாவீரரின் ஊர், ஜராசந்தனின் ஊர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று சொன்னார்கள். திரும்பும் ரயிலில் எங்களுக்குள் விவாதம் மூண்டது. முதலில் வந்தவர் யாரென்று தெரிந்துவிட்டால் ஊர் யாருக்கு உரியது என்பதும் முடிவாகிவிடும் என்றார் ஒருவர். எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்பதற்கு அந்த ஊரே சாட்சி என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

எனக்கும் அவ்விரண்டும் ஒப்பவில்லை.

முதலில் வந்தவர் யார் என்ற கேள்விக்கு ராஜகிருகத்தில் விடை கிடைக்காது. மகாபாரதம் அதை ஐந்து மலைகள் அரண் செய்யும் கிரிவ்ரஜம் என்று பாடி, ஜராசந்தனை அங்கே அமர்த்துகிறது. சமணர்களோ தங்கள் அருகர்களில், அதாவது தீர்த்தங்கரர்களில், 20ஆமவரான முனிசுவிரதர் பிறந்த ஊர் அது என்கிறார்கள். பௌத்தர்களும் கௌதமரோடு நின்றுவிடவில்லை. அங்குள்ள வைபுல்ய மலைக்கு முந்தைய புத்தர்களின் காலத்தில் வேறு வேறு பெயர்கள் இருந்தன என்றும், அன்று அதன் உச்சிக்கு ஏறுவதற்கே பல நாட்கள் ஆயின என்றும் பாலி மொழியிலுள்ள பௌத்த சூத்திரம் ஒன்று சொல்கிறது. ஒவ்வொரு மரபும் தன் தொடக்கத்தை வரலாறு எட்டாத காலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்ட இடத்தில், யாரை எதனால் அளப்பது? மலைமுகடுகளின் மேல் ஓடும் பெருங்கல் மதில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ளது. செதுக்காத பாறைகளை அடுக்கி எழுப்பிய அம்மதிலில் எந்தச் சமயத்தின் அடையாளமும் இல்லை.

எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்ற உங்கள் நண்பரின் வாதத்தில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஆண்ட மகத மன்னன் பிம்பிசாரனின் கதையை இரு மரபுகளிலும் வாசித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். வேணுவனம் என்ற மூங்கில் தோப்பைப் பிக்குகளின் சங்கத்துக்குத் தானமாக அளித்த பௌத்தர்களின் பிம்பிசாரனும், மகாவீரரிடம் ஓயாமல் கேள்வி கேட்கும் சமணர்களின் சிரேணிகனும் ஒருவனே. மகன் அஜாதசத்துரு அவனைச் சிறையிலிட்டான் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. மகன் குழந்தையாக இருந்தபோது விரலில் சீழ் வைத்து அழ, தந்தை அந்த விரலைத் தன் வாயிலிட்டுச் சுவைத்து வலியைத் தணித்தான் என்பதையும், அதைத் தாய் பின்னாளில் மகனிடம் சொல்கிறாள் என்பதையும் இரண்டுமே வைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன. பௌத்த உரைகளில், தனக்கு மகன் பிறந்த செய்தி கேட்டு அஜாதசத்துரு தந்தையை விடுவிக்க ஆணையிடும்போது, தந்தை பட்டினியால் வதைபட்டு இறந்துவிட்ட செய்தி கைக்கு வருகிறது. சமண நூல்களிலோ, மனம் கலங்கிய மகன் விலங்கை உடைக்கக் கோடரியுடன் ஓடி வர, அவன் தன்னைக் கொல்ல வருகிறான் என்று எண்ணித் தந்தை நஞ்சுண்டு மடிகிறான். இறந்த பிறகும் அவன் ஒரே இடத்துக்குப் போகவில்லை. பௌத்தர்களுக்கு அவன் ஜனவசபன் என்ற யட்சனாகிப் புத்தரிடமே வந்து பேசுகிறான். சமணர்களுக்கு அவன் இப்போது நரகத்தில் வினை கழித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த காலச்சுழற்சியில் முதல் தீர்த்தங்கரராக வருவான்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கரைத்தால் இரண்டும் கெடும். வினையின் கணக்கைப் பற்றிச் சமணம் கொண்டிருந்த கடுமை முழுவதும் அந்த நரகத்தில் இருக்கிறது. நல்லிணக்கம் என்ற பெயரால் அதை நீக்கிவிடும் உரிமை நமக்கு இல்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த ஊர் வேறுபாடுகளை அழித்துக்கொண்டு நிற்கவில்லை. வேறுபாடுகளோடு ஒரே மலைகளையும் ஒரே நீரையும் புழங்கிப் பழகியிருக்கிறது.

நீர் என்றதும் நீங்கள் நீராடிய ஊற்று நினைவுக்கு வருகிறது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் பாலி விநயம் அவ்வூற்று நீரைத் தபோதா என்கிறது. ஒருநாள் பிம்பிசாரன் தலை முழுக வந்தபோது பிக்குகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று அரசன் காத்திருக்க, அவர்களோ இருட்டும்வரை எழவில்லை. அவன் குளித்துத் திரும்புவதற்குள் நகரக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அரசன் வெளியிலேயே இரவைக் கழித்தான். இதை அறிந்த புத்தர் கடிந்துகொண்டது பிக்குகளை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் குளிக்கலாம் என்று விதி வகுத்தார். வெயில் காலத்துக்கும் நோயாளிகளுக்கும் பின்னர் விலக்குகள் வந்தன. பலர் புழங்கும் நீரில் தன் பங்குக்கு மேல் எடுக்காதே என்று தன்னவர்களிடமே சொன்ன அந்த விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இன்று மலமாதம்தோறும், அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பஞ்சாங்கத்தில் கூடுதலாக வரும் மாதத்தில், முப்பத்து முக்கோடி தேவர்களும் அங்கே வந்து தங்குகிறார்கள் என்று நம்பி மக்கள் அதே ஊற்றுகளில் திரள்கிறார்கள். குரு நானக்கின் பெயரால் சீக்கியர்கள் போற்றும் குளிர்ந்த ஊற்றும் அங்கே உண்டு.

உங்கள் கடிதத்தில் மக்தூம் குண்டம் என்ற ஊற்று இல்லை. 1381இல் மறைந்து பீகார் ஷரீஃபில் அடக்கமான சூஃபி ஞானி ஷரஃபுத்தீன் மனேரி, அதற்கு முன் ராஜகிருகக் காடுகளில் நெடுங்காலம் தனித்திருந்து தவம் செய்தவர்; தொலைவிலிருந்த மாணவருக்குக் கடிதங்கள் வழியாகவே ஞானம் உரைத்தவரும் ஆவார். அவர் தொழுத இடத்தருகே இருக்கும் இந்த வெந்நீர் ஊற்றுக்கு முற்காலத்தில் சிருங்கி ரிஷி குண்டம் என்று பெயர். ரிஷி இருந்த இடம் என்று அறிந்தே ஞானி அங்கே அமர்ந்திருக்கலாம். தவத்துக்கு ஏற்ற இடம் எது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இருந்திருக்காது. அடுத்த முறை சென்றால் அங்கும் போய் வாருங்கள். நீங்கள் நீராடிய ஊற்றிலிருந்து நடந்தே போய்விடலாம்.